பதினோரு மாமரமும் ஒரு தகப்பனார் பெயரும்

எதையும் ஒரே பார்வையில் நம்பும் வழக்கம் எனக்கு இல்லை. சம்பளமே அதற்குத்தான் தருகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிக்கு ஷாஃப்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாகத் தரம் பார்க்கும் வேலை. பளபளவென்று வந்து நிற்கும் ஷாஃப்டைப் பார்த்து 'நீ யோக்கியனா' என்று கேட்பதுதான் என் பிழைப்பு. கல்யாணமான புதிதில் ஜெபா வைத்த மீன்குழம்பைக்கூட இரண்டு முறை முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிட்டேனாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்ட நான் ஒரு இடம் வாங்கப் போனேன்.

எங்கள் வீடு வள்ளூரில், அனல்மின் நிலையத்துக்குப் பக்கம். காலையில் துடைத்த ஜன்னல் கட்டை மதியத்துக்குள் சாம்பல் பூத்துவிடும். ஜெபாவுக்கு நாலு வருஷமாக மூச்சுத் தொந்தரவு. பனிக்காலத்தில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். கடைசியாகப் பார்த்த டாக்டர் சீட்டை மடித்துக் கையில் கொடுத்து, "மாத்திரைய மாத்தி மாத்தி எழுதிக்கினு இருக்கறதுல பிரயோஜனம் இல்ல. முடிஞ்சா இடத்த மாத்துங்க" என்றார். அன்றைக்கு முடிவு செய்தோம். சாம்பல் இல்லாத ஊரில், மரமும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் ஒரு வீடு. அவள் மூச்சுக்காகத்தான். வேறு ஆசை எதுவும் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

சொன்னது முழு உண்மை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தரகர் வெங்கடேசன் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடையை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். அவர்தான் அல்லித்தாங்கல் என்று ஆரம்பித்தார். சின்ன டவுன், சுற்றிலும் மாந்தோப்பு, ஒரு பக்கம் ஏரி. தோப்பை மனையாகப் பிரித்து விற்கிறார்கள். இரண்டு கிரவுண்டு மனையில் பதினோரு மரம், ஏழு பங்கனப்பள்ளி, நாலு ருமானி. சொன்ன விலையைக் கேட்டதும் என் காது விடைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் போகிற விலையில் பாதிதான்.

"ஏன் இவ்ளோ கம்மி?"

"ஓனருக்கு வயசாயிடுச்சு சார். பையன் வெளிநாட்ல கீறான். சட்டுனு முடிச்சிட்டுப் போய்டலாம்னு பாக்கறாரு. ஒரே ஒரு கண்டிசன். பேங்க் லோனு கீனுன்னு போவாதீங்க. அவங்க வக்கீலு, வேல்யூவருன்னு பத்துப் பேர அனுப்புவான். பேஜாரு."

பேங்க் வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். எழவில்லை. ஏனென்றால் அல்லித்தாங்கல் என் அப்பா யாக்கோபு பிறந்த ஊர்.

ஊர் என்றால் ஊர் இல்லை, ஊருக்கு வெளியே ஏரியின் அந்தக் கரையில் இருக்கிற காலனி. அப்பா அதே தோப்பில் மருந்தடித்தவர். முதுகில் தகர டின், கையில் பீச்சாங்குழல், வாயில் கட்டிய துணி. பூக்கிற காலத்தில் வீட்டுக்கு வந்தால் அவர் சட்டையை அம்மா குச்சியால்தான் எடுப்பாள். எனக்கு ஏழு வயசாகும்போது அனல்மின் நிலையத்தில் காண்டிராக்ட் கூலி கிடைத்து எல்லோரும் வள்ளூருக்கு வந்துவிட்டோம். ஆனால் தாத்தாவும் அப்பாவும் அல்லித்தாங்கல் கல்லறையில்தான் கிடக்கிறார்கள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஏரியைச் சுற்றிக் காலனி வழியாகவே போவேன். இரண்டு கல்லறைக்கும் சுண்ணாம்பு அடித்து, அழிந்த எழுத்துகளைக் கறுப்புப் பெயிண்டால் திரும்ப எழுதி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். தோப்புப் பக்கம் கால் வைத்ததில்லை.

இப்போது அந்தத் தோப்பில் ஒரு துண்டு என் பேருக்கு வரப்போகிறது. அப்பாவை 'டேய்' என்று கூப்பிட்ட இடத்தில் நான் ஈசிசேர் போட்டு உட்காரப்போகிறேன். இதுதான் நான் யாரிடமும் சொல்லாத ஆசை. ஜெபாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"காலனிக்காரனுக்கு ஊரு பக்கத்துல எடம் குடுப்பாங்களா?" என்றாள்.

"சொன்னாத்தானே தெரியும்."

"மூஞ்சியிலயே எய்தி ஒட்டிகினு போற மாதிரி எபினேசருன்னு பேரு வெச்சிகினு, சொல்லாம மறைக்கப் போறாராம்."

"எபினேசர்னு எண்ணூர்லகூட ஆயிரம் பேரு கீறான். ஊரத்தான் மறைக்கணும்" என்றேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகப் போனோம். தோப்புக்குள் பைக் நுழைந்ததும் ஜெபா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். இருமல் வரவில்லை. இன்னொரு மூச்சு இழுத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், என்ன பொய் சொல்லியாவது இந்த இடத்தை வாங்கிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஓனர் ஆதிநாராயணன் மோட்டார் ரூம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிய ஆள், வெள்ளைச் சட்டை, காதில் மெஷின். அப்பா இவரை 'ஆண்டே' என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். நான் அழுத்தமாக "வணக்கம் சார்" என்றேன்.

டீ வந்தது. எங்களுக்கு இரண்டு பேப்பர் கப். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆளைப் பார்த்த உடனே கப்பைப் பிரித்துவிட்டான் கிழவன் என்று பல்லைக் கடித்தேன். அடுத்த நிமிஷம் அவருக்கும் அதே பேப்பர் கப் வந்தது. "கழுவறதுக்கு ஆளு இல்லப்பா" என்று அவரே சொன்னார். ஜெபா என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

நான் விடுகிற ஆளா? மரங்களைப் பார்த்தேன். எல்லா மரத்துக்கும் அடியில் சுண்ணாம்பு அடித்திருந்தது. கரையானுக்கு முழங்கால் உயரம் அடிப்பார்கள், தெரியும். இங்கே நெஞ்சு உயரம் இருந்தது. பெருவெள்ளத்தில் ஏரி உடைத்துக்கொண்டு வந்த சேற்றுக் கறையை மறைக்கத்தான் என்று எனக்குள் மணி அடித்தது. யாரும் பார்க்காதபோது வீட்டுச் சாவியால் நாலு மரத்தைச் சுரண்டினேன். உள்ளே சுத்தமான பட்டை, கறை கிடையாது. போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்க் கம்பெனி லேபில் கொடுத்தேன். குடிக்கிற தண்ணீர், குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றார்கள். ஏரி எல்லைக்கல்லிலிருந்து டேப் வைத்து அளந்தேன். மனை நூற்றுப்பத்து அடி தள்ளி இருந்தது. சந்தேகப்பட்ட ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அது எனக்கு இன்னும் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது.

கிளம்பும்போது ஆதிநாராயணன் கேட்டார். "தம்பிக்குப் பூர்வீகம் எந்த ஊரு? யாரு மகன்?"

"எண்ணூரு சார். அப்பா ஹார்பர்ல கிளார்க்கா இருந்தாரு."

வாய் தந்தியடிக்கவில்லை, நாக்கு குழறவில்லை. மருந்து நாற்றத்தில் வாழ்ந்து செத்த மனுஷனை ஒரே வரியில் மேசை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

இரண்டாம் முறை போனபோது கூடை நிறைய ருமானி கொடுத்தார். நன்றாகப் பேசினார், ஜெபாவின் உடம்பை விசாரித்தார். அப்புறம் பேச்சோடு பேச்சாக, "உங்க சைடு சொந்தக்காரங்க யாராச்சும் இந்தப் பக்கம் கீறாங்களா? கல்லறை கில்லறைன்னு எதுனா உண்டா இங்க?" என்றார்.

"யாரும் இல்ல சார்."

பைக்கில் திரும்பும்போது ஜெபா என் முதுகோடு ஒட்டாமல் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். கவரைப்பேட்டை தாண்டியதும், "செத்தவங்களக்கூட இல்லன்னுட்டீங்க" என்றாள்.

"சாதி மோப்பம் புடிக்கிறான் கெழவன். வேற இன்னா சொல்லச் சொல்ற?"

"சாதி தெரிஞ்சிக்கணும்னா காலனியில சொந்தம் உண்டான்னு கேப்பாங்க. கல்லறைய எதுக்குக் கேக்கறாரு?"

பதினெட்டு வருஷம் தரம் பார்க்கிறவனுக்கு அது உறைக்கவில்லை, சமையற்கட்டில் மூச்சுத் திணறுகிறவளுக்கு உறைத்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு ஷாஃப்டிலும் ஒரு எண் குத்தியிருக்கும், ஹீட் நம்பர் என்போம். அந்த இரும்பு எந்த உலையில், எந்த நாளில் உருகியது என்பதுவரை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகலாம். எண் இல்லாத ஷாஃப்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிவப்புத் தொட்டிக்குத்தான் போகும். வெங்கடேசன் கொடுத்த ஜெராக்ஸ் கட்டை அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு விரித்து வைத்துப் பார்த்தேன். பட்டா இருந்தது. முப்பது வருஷ வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. ஆதிநாராயணனுக்கு இந்த நிலம் அப்பா வழியாக வந்தது என்று எழுதியிருந்தது. அந்த அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது என்று எதிலும் இல்லை. ஹீட் நம்பர் இல்லை.

வெங்கடேசனுக்குப் போன் போட்டேன்.

"தாய்ப்பத்திரம் எங்க?"

"சார், முப்பது வருஷம் கிளீனா கீது. அதுக்கு மேல தோண்டுனா எல்லா நெலத்துலயும் எலும்புதான் வரும்" என்று சிரித்தார்.

ஒரு நாள் லீவு போட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். பழைய பதிவேட்டு நகலுக்கு மனு கொடுத்து, மூன்று முறை நடந்து, மூன்றாவது தடவை நர்மதா என்கிற கிளார்க் பெண்ணிடம் வந்து நின்றேன். அவளுக்கு என் வயசில் பாதி இருக்கும். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார், இத வாங்கவா போறீங்க?"

"ஆமாம்மா."

"இது பஞ்சமி நெலம் சார். வெள்ளக்காரன் காலத்துல சேரி சனங்களுக்குன்னு நிபந்தன போட்டுக் குடுத்தது. அவங்க வேற சாதிக்கு விக்க முடியாது, வித்தாலும் செல்லாது. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது அந்த நிபந்தன வரியே வுட்டுப் போயிருக்குது. நீங்க எஸ்.சி.யா சார்?"

"கிறிஸ்டீன். சர்டிபிகேட்ல பி.சி."

"அப்போ உங்களுக்கும் சிக்கல்தான். வாங்காதீங்க" என்று தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

பாதி விலை, பேங்க் வேண்டாம், எல்லாம் ஒரு நொடியில் புரிந்தது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். தாளை மடிக்கப் போகும்போதுதான், சர்க்கார் நிலத்தை முதலில் யாருக்குக் கொடுத்தது என்று சொல்லும் 'ஒப்படை பெற்றவர்' என்ற இடத்தில் கண் விழுந்தது. பழைய கையெழுத்து, மை பழுப்பாகியிருந்தது.

சின்னான் மகன் அப்பாவு.

என் தாத்தா பேர் ஆபிரகாம். எங்கள் வீட்டில், சர்ச்சில், அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் எல்லாம் ஆபிரகாம். ஆனால் கல்லறையில் அப்படி இல்லை. 'சின்னான் குமாரன் ஆபிரகாம் என்கிற அப்பாவு' என்று இருக்கும். ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னால் இருந்த பேர். புதுப் பேரை எழுதினாலும் மேலுலகத்தில் அடையாளம் தெரிய வேண்டாமா என்று பழசையும் சேர்த்துப் பொறிப்பது எங்கள் காலனி வழக்கம். இருபத்தைந்து வருஷமாக அந்த 'அப்பாவு'வை நான்தான் கறுப்புப் பெயிண்டால் எழுதுகிறேன். கடைசி 'வு'வின் சுழியில் கல் உடைந்திருக்கும், பெயிண்ட் வழிந்துவிடும், விரலால் துடைப்பேன். தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பேரைப் பார்த்தபோது என் விரல் தானாகத் தொடையில் துடைத்தது.

எங்கள் நிலத்திலேயே அப்பா கூலிக்கு மருந்தடித்திருக்கிறார். அதுகூட அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நாளாவது வாயில் துணி கட்டாமல் சத்தம் போட்டிருப்பார். எனக்கு அழுகை வந்தது. நர்மதா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஜெபா இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அட்வான்ஸ் குடுக்கற நாளு எப்போ?"

"வர ஞாயித்துக்கெழம. போக வேணாம், போன்ல சொல்லிடறேன்."

"போலாம்" என்றாள். "அவரு கேட்டதுக்கு நீங்க இன்னும் ஒயுங்கா பதில் சொல்லல."

போனோம். மோட்டார் ரூமில் ஒரு மேசை போட்டு, வெங்கடேசன் அக்ரிமெண்ட் தாளோடு உட்கார்ந்திருந்தார். ஆதிநாராயணன் பக்கத்தில், புதுச் சட்டையில். மறுபடியும் பேப்பர் கப்பில் டீ. மாம்பழ வாசனை அறை முழுக்க இருந்தது. வெங்கடேசன் பேனாவைத் திறந்தார்.

"எய்திடலாமா சார்? எபினேசர், தகப்பனார் பேரு?"

"யாக்கோபு."

ஆதிநாராயணன் காது மெஷினைத் தொட்டு அழுத்தினார். "இன்னா பேரு?"

"யாக்கோபு சார். இந்தத் தோப்புல மருந்தடிச்ச யாக்கோபு. ஹார்பர்ல கிளார்க்குன்னு சொன்னது பொய். எண்ணூரும் பொய். நான் ஏரிக்கு அந்தாண்ட காலனி. என் தாத்தா பேரு ஆபிரகாம் என்கிற அப்பாவு."

அவ்வளவுதான் சொன்னேன். நிலம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ் என்று சொல்லவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த நகலை வெளியில்கூட எடுக்கவில்லை.

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வயசில் அவ்வளவு வேகமாகப் பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"நீங்கதான் வேதத்துல சேந்துட்டீங்களே! ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு அதுல பாத்யத கெடையாது. நான் வக்கீலுகிட்ட அப்பவே கேட்டு வெச்சிருக்கேன்."

வெங்கடேசனின் பேனா தாளிலேயே நின்றுவிட்டது. உண்மையிலேயே அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"எதுல பாத்யத இல்ல சார்?" என்று கேட்டேன். "நான் எங்கப்பா பேரத்தானே சொன்னேன்."

ஆதிநாராயணன் டீ கப்பைத் தள்ளி வைத்தார். கை மேசையில் எதையோ தேடியது. முதல் நாள் எந்த ஊர் என்றார், இரண்டாம் நாள் கல்லறை உண்டா என்றார். நான் சாதிக்குப் பயந்து மறைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் தாத்தாவுக்குப் பயந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாங்க வருகிறவன் ஒவ்வொருவன் முகத்திலும் ஒரு அப்பாவுவைத் தேடியிருக்கிறார் அந்த மனுஷன். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் தோப்பு வாசலையே தாண்ட விட்டிருக்க மாட்டார்.

"எங்க நைனா பண்ணது" என்றார் கடைசியில், சின்னக் குரலில். "எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. அப்பாவு கைநாட்டு வெக்கும்போது மைப்பெட்டிய நான்தான் புடிச்சிகினு நின்னேன். இன்னா பத்திரம்னு அவனுக்குத் தெரியாது. ஒரு மூட்ட நெல்லு குடுத்தாங்க."

எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் பரிதாபமும் வந்தது. பரிதாபம் வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. ஜெபா எழுந்து, தன் பேப்பர் கப்பை மேசை மேல் வைத்தாள். "மாமனாரு இங்க வேல செஞ்ச வரைக்கும் ஒரு மாம்பயம் ஊட்டுக்கு எடுத்தாந்ததில்ல" என்றாள் அவரிடம், மரியாதையாகத்தான். "காய எண்ணிப் பாத்துத்தான் ஆள வெளிய வுடுவீங்களாம்."

வெளியே வந்தோம். அவள் தோப்பின் நடுவில் நின்று நீளமாக மூச்சு இழுத்தாள். நல்ல காற்று. ஏரியிலிருந்து வருகிற காற்று. அதை விட்டுவிட்டுச் சாம்பலுக்குத் திரும்பப் போகிறோம். மன்னிச்சிடு என்றேன். பைக் ஏறும்போது அவள் ஏரியைச் சுற்றிக்கொண்டு கல்லறைக்குப் போகச் சொன்னாள். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பெயிண்ட் எதுவும் கையில் இல்லை. அப்பா பேர் மேல் ஒட்டியிருந்த காய்ந்த மெழுகை நகத்தால் சுரண்டிவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். திங்கட்கிழமைதான் மனு வாங்குவார்கள். பாத்தியதை உண்டா இல்லையா, ஞானஸ்நானம் எடுத்தவன் பேரன் எந்தச் சாதிக் கணக்கில் வருவான், அதெல்லாம் எனக்குத் தெரியாது. எத்தனை வருஷம் ஆகும் என்றும் தெரியாது. நகலைக் காட்டியதும் காலனியிலிருந்து நாலு பேர் கூட வந்திருந்தார்கள். அதே பதிவேட்டில் அவர்கள் தாத்தாக்கள் பேரும் இருந்தது. மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிற அம்மா மணியம்மாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுப்பா, உன் பேரு?" என்றாள்.

"மொதல்ல எங்கப்பா பேர எய்துங்கம்மா" என்றேன்.